ஆண்டுக்கு ஒரு கயிறு தூரம்

வெயிலுமுத்துவுக்கு முதலில் கேடு செய்தவன் சங்கிலி. அதற்கு அடுத்தது மலை, அதற்கும் அடுத்தது மரங்கள். இந்த வரிசையை யாராவது மாற்றிச் சொன்னால் அறுபத்தெட்டு வயதிலும் அவர் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மரம் போனதால்தான் ஊர் கெட்டது என்று ஈச்சங்குழியில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, மரம் போவதற்கு மூன்று வருஷம் முந்தியே ஊர் கெட்டுவிட்டது, அது கெட்ட நாளும் நேரமும் எனக்குத் தெரியும் என்று அவர் சொல்வார். கேட்க ஆள் இருந்தாலும் சொல்வார், இல்லாவிட்டாலும் சொல்வார்.

அந்த நாள் ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, உச்சிக்குக் கொஞ்சம் முந்தி. சங்கிலி மலைமாடு மேய்த்தவன், எண்பது உருப்படி வைத்திருந்தான், அடுக்குமலையின் இரண்டாம் அடுக்கில் கிடை போட்டிருந்தான். மலைமாட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாசியில் காய்ந்த புல்லை ஓர் ஓரமாகக் கொளுத்திவிட்டால் சித்திரை மழைக்கு இளம்புல் தளதளவென்று கிளம்பும் என்று கொளுத்துவார்கள், பச்சைக் குழையால் அடித்து அணைத்தும் விடுவார்கள். அவர்களுடைய தகப்பன்மார் காலத்தில் மாசியிலும் காட்டுக்குள் ஈரம் இருந்தது, தீ ஓடைவரை வந்து தானாகப் படுத்துக்கொண்டது. அந்த வருஷமோ ஐப்பசியும் பொய்த்து, கார்த்திகையும் பொய்த்து, மார்கழிப் பனிகூட விழாமல் போயிருந்தது. சங்கிலி வைத்த தீ ஓடையைத் தாண்டியது. பதினோரு நாள் எரிந்து மூன்று சரிவைத் தின்றது. விசாரிக்க வந்தவர்கள் ஊர்க் கூட்டத்தில் வைத்துக் கேட்டபோது, புளியமரத்தடியில் என் தங்கச்சி புருஷன் பீடி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்று சங்கிலி வெயிலுமுத்துவைப் பார்த்துக் கையை நீட்டினான்.

வெயிலுமுத்து பிறந்ததிலிருந்து பீடியை வாயில் வைத்தவர் இல்லை. அன்று அவர் தன் மரத்தில் புளி உலுக்கிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிலம் சர்க்காருடையது, மரம் மட்டும் அவருடையது. மரப்பட்டா என்று அதற்குக் காகிதம் இருந்தது. ஏழு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தபோது ஊர் அவருக்குத் தீவச்சான் என்று பெயர் வைத்திருந்தது. அவருடைய பெண்டாட்டி இருளாயி சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள், ஆனால் நீ வச்சியா இல்லையா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தன் அண்ணன் வாயிலிருந்து பொய் வராது என்பது அவளுடைய முடிவு. அந்த முடிவை அவள் மாற்றிக்கொள்ளாமலே பதினோராம் வருஷம் செத்துப்போனாள். அவருக்கு வரவேண்டியது, தீ வைத்தது நான்தான் என்று சங்கிலி வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம். அதைக் கேட்டிருக்க வேண்டிய முதல் காது அன்றைக்கு மண்ணுக்குள் போயிற்று.

மரங்கள் மேலே ஏறத் தொடங்கியது தீக்குப் பிறகு மூன்றாம் வருஷம், கத்திரி வெயில் பிறந்த நாளில், நிழல் காலுக்குக் கீழே ஒடுங்கும் நேரத்தில். கண்ணைத் திறந்து பார்க்க முடியாத வெளிச்சம் என்பதால் அவை ஏறியதை யாரும் பார்க்கவில்லை. வெயில் சாய்ந்து கண் தெளிந்தபோது அடிவாரத்து நாவல், மருது, இலுப்பை, வேம்பு எல்லாம் ஒரு கயிறு தூரம் மேலே தள்ளி நின்றன, கிணற்றில் இறைக்கிற வடக்கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம். கூடு கலையவில்லை, காய் உதிரவில்லை. முத்தையா மகள் வேம்பில் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுக் களையெடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து, மரம் நின்ற இடத்தில் நின்று மேலே பார்த்து, ஏறிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை அதுவரை முழிக்கவே இல்லை. மரங்கள் நின்ற இடத்தில் சோற்றுப்பானை ஆழத்துக்குக் குழி இருந்தது, மண் தொளதொளவென்று இருந்தது, அவ்வளவுதான்.

மறு வருஷம் கத்திரியிலும் ஏறின. அதற்கு மறு வருஷமும் ஏறின. மூன்று தடவை நடந்த பிறகு ஊரில் அது சித்திரை மாதத்துக் காரியங்களில் ஒன்றாகிவிட்டது. கத்திரி பிறப்பதற்கு முந்தின நாள் மரத்தில் கட்டிய ஆட்டை அவிழ்த்துவிட வேண்டும், கிளையில் காயப்போட்ட சேலையை எடுத்துவிட வேண்டும் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். விறகுக்குப் போகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் முந்திக் கிளம்பினார்கள். பெண் கேட்டு வந்த வெளியூர்க்காரர்கள், உங்க ஊர்ல மரம் எந்த உயரத்துல நிக்குது என்று கேட்டுவிட்டுத்தான் காபித் தம்ளரைத் தொட்டார்கள். இலுப்பையடிக் கருப்பனுக்கு இலுப்பை போய்விட்டது. சாமி மரத்தோடு போயிற்றா, கல்லோடு நிற்கிறதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆறு மாதம் பேசினார்கள், முடிவில் கல்லுக்கு மேலே தகரம் போட்டுவிட்டு மரத்துக்கும் வருஷம் ஒரு தடவை ஏறிப்போய்ப் பொங்கல் வைத்தார்கள். மரப்பட்டா வைத்திருந்தவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார்கள்.

"மரம் நடந்து போனா பட்டா யாருக்குங்கய்யா?"

"இப்ப எங்க நிக்குதோ அந்த சர்வே நம்பர எழுதிக் குடுங்க."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் திரும்ப எழுதிக் குடுங்க. நான் என்ன மரத்தக் கட்டியா வச்சிருக்கேன்?"

காலியான குழிகளில் சீமைக்கருவேலை முளைத்தது. அது எங்கேயும் நடக்கவில்லை, நின்ற இடத்தில் நின்று பெருத்தது. அதற்கு மேலே தீ தின்ற சரிவில் உண்ணிச்செடி பிடித்தது, பூ என்னவோ மஞ்சளும் சிவப்புமாக அழகாகத்தான் இருந்தது, அடியில் ஒரு புல் எழும்பவில்லை. புல் இல்லாமல் சங்கிலியின் எண்பது மாடு நாற்பதாகி, நாற்பது ஒன்பதாகி, கிடை கலைந்தது. மேகம் முன்பெல்லாம் முதல் அடுக்கில் வந்து உட்காரும், பிறகு இரண்டாம் அடுக்கில் உட்கார்ந்தது, பிறகு உச்சியை மட்டும் தொட்டுவிட்டு மேற்கே போயிற்று. மேகம் போகிறதால் மரம் போகிறதா, மரம் போகிறதால் மேகம் போகிறதா என்று டீக்கடையில் பேச்சு வந்தால், கடைசியில் யாராவது ஒருவர், "எல்லாத்துக்கும் அந்தத் தீதாம்ப்பா" என்பார். உடனே எல்லோரும் வெயிலுமுத்து இருக்கிற பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்ப்பார்கள். திரும்பியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவருடைய புளியமரம் இரண்டாம் அடுக்கில் நின்றதால் அதன் முறை வரப் பதினான்கு வருஷம் ஆயிற்று. அவருக்கு அந்த மரத்திடம் ஒரு காரியம் இருந்தது. தீ நக்கிய கரித்தழும்பு அதன் கிழக்குப் பக்கம் மட்டும் இருந்தது, சங்கிலியின் கிடை இருந்த பக்கம். மேற்குப் பக்கம், அவர் புளி பொறுக்கிக்கொண்டிருந்த பக்கம், பட்டை பழுப்பு மாறாமல் இருந்தது. கண் உள்ளவன் எவனாவது வந்து நின்று பார்த்தால் தீ எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். விசாரித்தவர்களிடம் கெஞ்சினார், ஊர்த் தலைவர் பாக்கியத்தாயிடம் நாலு தடவை சொன்னார். "பாப்போம் சித்தப்பா, மழை முடியட்டும்" என்பாள் அவள். மழை முடிவதற்கு வரவே இல்லை. பார்க்க ஒருவரும் ஏறவில்லை. ஆனாலும் தழும்பு அங்கே இருக்கிறது, கிழக்கே பார்த்து இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு அவர் தூங்கினார். மரங்கள் ஏறும்போது கொஞ்சம் திரும்பியும் நின்றன. வடக்கே பார்த்த கிளை கிழக்கே பார்க்கும். அவருடைய மரமும் ஏறித் திரும்பிவிட்டால் தழும்பு எந்தப் பக்கத்தைக் காட்டும்?

அந்தச் சமயத்தில்தான் கோடாங்கி பரமன் குறி சொன்னார். மரத்தில் பேய் இருந்தால் ஆணி அடித்து நிறுத்துவது ஊரில் எப்போதும் உள்ள வழக்கம்; பேயையே நிறுத்துகிற ஆணி மரத்தை நிறுத்தாதா என்றார். கேட்டவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. லாரியின் வில்பட்டையை உருக்கி ஒரு முழத்தில் கால்வாசி நீளத்துக்கு ஆணி அடித்து வாங்கினார்கள். ஊருக்கு வேண்டிய மரம் என்று நாற்பத்தொன்றைத் தேர்ந்தெடுத்து மஞ்சள் துணி சுற்றினார்கள். அதில் வெயிலுமுத்துவின் மரம் இல்லை. தீவச்சான் மரத்தை நிறுத்தி வைத்து என்ன செய்ய என்று யாரோ கேட்டிருந்தார்கள். அவர் தனியாக ஓர் ஆணி வாங்கிக்கொண்டு தனியாக ஏறினார்.

மரத்தின் முன்னால் நின்று, "சாட்சி சொல்லாம எங்க போற?" என்று கேட்டார். மரம் பேசுகிற மரம் இல்லை, நடக்கிற மரம்தான். தழும்புக்கு ஒரு சாண் கீழே ஆணியை வைத்து, பதினெட்டு அடி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் பூவும் பிஞ்சும் தலையில் கொட்டின.

கத்திரி வந்தது. ஆணி இல்லாத மரங்கள் எல்லாம் ஏறின, ஆணி அடித்த நாற்பத்தொன்றும் அவருடைய ஒன்றும் நின்றன. ஊர் ஆடு வெட்டியது. வெயிலுமுத்து அன்றைக்குத் தன் மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டார். தீக்குப் பிறகு அவர் வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரே நாள் அது என்று சொல்லலாம். ஐப்பசியில் நாற்பத்திரண்டு மரமும் ஒன்றாக இலை கொட்டின. புளியமரம் எப்போது மொத்தமாக இலை கொட்டும்? தை மாதம் கொப்பு முறிந்தது. போக வேண்டிய இடத்துக்குப் போக விடாமல் பிடித்து வைத்த உயிர் எப்படிச் சாகுமோ அப்படி, பச்சையோடு, நின்றபடி செத்தன. பங்குனியில் பட்டை உரிந்து பலகை பலகையாக விழுந்தது. அவருடைய மரத்தில் முதலில் விழுந்தது தழும்பு இருந்த பட்டைதான். அதை எடுத்துப் பார்த்தார். கையில் வைத்தால் அது எந்தத் திசையும் இல்லாத கரித்துண்டு.

அதற்குப் பிறகு மலையில் சாட்சி என்று எதுவும் இல்லை. தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் பொய் சொன்னவன்.

அப்புறம் வருஷங்கள் மளமளவென்று போயின. வெயில் கூடக்கூட மரங்கள் வருஷத்துக்கு இரண்டு கயிறு தூரம் ஏறின, பிறகு மூன்று. ஒரு தடவை கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, வானத்திலிருந்து எடுத்த படங்களை பஞ்சாயத்து அலுவலக மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"பாருங்கம்மா, இது இருபது வருஷத்துக்கு முந்தி, இது இப்ப. உங்க ஊர்ல பசுமை கூடியிருக்கு" என்றார் பாக்கியத்தாயிடம்.

"எங்கய்யா கூடியிருக்கு?"

"இதோ, இந்தப் பச்சையெல்லாம் என்ன?"

"அது சீமைக்கருவேலை. அதுக்கு அங்கிட்டு உண்ணிச்செடி, ஆடுகூட வாய் வைக்காது."

"மேல இருந்து பாத்தா பச்சைதானேம்மா."

"மேல இருந்து பாக்குறவுகளுக்குப் பச்சை. எங்களுக்கு முள்ளு" என்றாள் அவள். அதிகாரி படங்களைச் சுருட்டிக்கொண்டு, பாராட்டுக் கடிதம் ஒன்று வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

ஊர் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போயிற்று. மரங்கள் மேலே போக மனிதர்கள் கீழே போனார்கள், நடுவில் வீடுகள் நின்றன. கோடாங்கி செத்தார். விசாரித்தவர்கள் செத்தார்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பாக்கியத்தாயை மகன் வந்து கூட்டிப்போனான். புதிதாக வந்த ரேஷன் கடைக்காரர் அட்டையைப் பார்த்து, "தீவச்சான் வெயிலுமுத்துங்கறது நீங்கதானா? தீவச்சான் உங்க குடும்பப் பேரா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஏன் வந்தது என்று தெரியாமலே பெயர் நின்றுவிட்டது. வெயிலுமுத்து ஆமாம் என்று சொல்லி அரிசியை வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு முழுக்க வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

கடைசியில் ஈச்சங்குழியில் புகை வருகிற வீடு இரண்டு. ஒன்று அவருடையது, மற்றது சங்கிலியுடையது. சங்கிலிக்குச் சர்க்கரை வியாதியில் இடது கால் முழங்காலோடு போயிருந்தது. பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள், வரவில்லை. முப்பத்தேழு வருஷம் பேசாமல் இருந்த வெயிலுமுத்து ஒரு நாள் காலையில் அவன் வாசலில் போய் நின்றார். தகரக் கூரைக்கு அடியில் அவன் வெந்துகொண்டு கிடந்தான். நாக்கு வெள்ளையாக இருந்தது. இவன் இப்படியே கிடந்தால் இந்தக் கத்திரியைத் தாண்ட மாட்டான் என்பது அவருக்குத் தெரிந்தது. இவன் செத்தால் அந்த வாக்கியமும் செத்துப்போகும். அவர் குனிந்து முதுகைக் காட்டினார்.

"ஏறு மச்சான்."

"எங்க?"

"உச்சிக்கு. அங்கதான் நிழல் இருக்கு."

"என்னைத் தள்ளிவிடவா கூட்டிட்டுப் போற?"

"தள்ளணும்னா இங்கயே கிணறு இருக்கு. ஏறு."

உச்சியில் அப்போது நூறு நூற்றிருபது மரம் இருந்தது. மூன்று அடுக்கு மலையில் மிஞ்சிய மரம் எல்லாம் வந்து சேர்ந்து, தேர் பார்க்க வந்த கூட்டம் மாதிரி தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. மருதுக்குப் பக்கத்தில் மலைநாவல், நாவலுக்குள் நுழைந்துகொண்டு இலுப்பை. உள்ளே குளிர்ந்து இருந்தது. அணில் சத்தமும் குருவிச் சத்தமும் அங்கேதான் மிச்சம் இருந்தன. சங்கிலியை ஒரு வேரில் சாய்த்து வைத்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து, வெயிலுமுத்து கேட்டார்.

"சொல்லு மச்சான். தீய யாரு வச்சா?"

சங்கிலி குளிர்ச்சியில் கண்ணை மூடிக்கொண்டு, "ஒன் புளியங்கா இனிக்கும்டா மாப்ள. அது மாதிரி காய் இந்தப் பக்கத்துல இல்ல" என்றான்.

மறுநாளும் தூக்கிக்கொண்டு ஏறினார். மறுநாளும் கேட்டார். சங்கிலி தன் மாடுகளின் பெயரையெல்லாம் சொன்னான், எந்த மாடு எந்த ஈத்தில் என்ன கன்று போட்டது என்று சொன்னான், தங்கச்சி சின்னப்பிள்ளையில் கிடைக்குக் கஞ்சி கொண்டுவந்த கதையைச் சொன்னான், அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இதற்கு மேலே மலை இல்லாததால் கத்திரியில் மரங்கள் என்ன செய்யும் என்று அவர்கள் இரண்டு பேருமே யோசித்திருந்தார்கள். கத்திரி பிறந்ததும் தெரிந்துவிட்டது. உச்சி வேளையில் ஓரத்தில் நின்ற மரம் எப்போதும்போல ஓர் அடி எடுத்து வைத்தது, வைக்க மண் இல்லை, வெளிச்சத்துக்குள் போயிற்று. முறிகிற சத்தம் இல்லை, கீழே விழவில்லை, எந்தச் சரிவிலும் கிடக்கவில்லை. அன்றைக்கு ஒன்பது போயின. இந்தத் தடவை ஒரு நாளோடு நிற்கவில்லை, மறுநாள் ஏழு. அதில் இருந்த குருவிகள் மாலைவரை அந்த இடத்தைச் சுற்றிப் பறந்துவிட்டு, பக்கத்து மரத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன.

நிழல் நாளுக்கு நாள் சிறுத்தது. வெயிலுமுத்து கேட்பதும் நாளுக்கு நாள் கூடியது. இருபது மரம் மிச்சம் இருந்த அன்று அவர் அவனுடைய சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"கேக்க ஆளே இல்ல மச்சான். யாருக்குப் பயப்படுற? நான் ஒருத்தன்தான இருக்கேன். சொன்னா ஒன் கிரீடம் எதுவும் எறங்கிருமா?"

சங்கிலி அழுதானா, கண்ணில் வேர்வை இறங்கியதா என்று தெரியவில்லை.

"சொல்லிட்டா நாளைக்கு என்னத் தூக்கிட்டு வர நீ வருவியாடா மாப்ள?" என்றான்.

வெயிலுமுத்துவின் கை தானாகச் சட்டையை விட்டது. வருவேன் என்று சொல்ல வாயெடுத்தார். பொய் சொல்லி வாங்குவதற்கு இது அவ்வளவு மலிவான சொல் இல்லை, அதற்காக ஏழு மாதமும் ஒரு பெண்டாட்டியும் ஒரு மரமும் போயிருக்கிறது. வர மாட்டேன் என்று சொன்னால் அதுவும் உண்மையா என்று தெரியவில்லை. அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவன் வாயில் ஊற்றினார்.

கத்திரி முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரே ஒரு மரம் நின்றது. ஒல்லியான மலைநாவல், எந்தப் பக்கமும் இடிக்க ஆள் இல்லாததால் காற்றுக்கு ஆடியது. அதன் நிழல் ஓர் ஆள் உட்காரப் போதும், அதுவும் காலை மடக்கி உட்கார்ந்தால். சங்கிலிக்கு மடக்க ஒரு கால்தான். அவனை அதில் இறக்கி, முதுகைத் தண்டோடு சாய்த்து, துண்டை நனைத்துத் தலையில் போட்டுவிட்டு, வெயிலுமுத்து எதிரே வெட்டவெளிப் பாறையில் உட்கார்ந்தார். பாறை வேட்டியைத் தாண்டிச் சுட்டது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும், மேலே இருந்து பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கிற பச்சை. சூரியன் இன்னும் இரண்டு விரற்கடை ஏறினால் உச்சி, நாவலும் அடி எடுத்து வைக்கிற நேரம்.

"வெயில்ல உக்காராத மாப்ள, செத்துப்போவ" என்றான் சங்கிலி. ஒற்றைக் காலை இன்னும் ஒடுக்கிக்கொண்டு, பக்கத்தில் ஒரு சாண் இடம் உண்டாக்கி, அதைக் கையால் தட்டினான். "வா, நெருக்கிக்கிருவோம்."

"நீ சொல்லு. வாரேன்."

சங்கிலி அண்ணாந்து இலைகளைப் பார்த்தான். வெயிலுமுத்து அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.